உடைந்த கைப்பிடிச் சுவர்: ஆற்றுப் பாலம் ஒன்றில் அவசரத் தற்காலிகத் தடுப்பு அமைத்த நிகழ்வு ஆய்வு

பின்னணி

வடகிழக்குப் பருவமழைக் காலம். தமிழகத்தின் ஒரு மாநில நெடுஞ்சாலையில் ஆற்றைக் கடக்கும் பழைய இருவழிப் பாலம். பாலத்தின் பெயரையும் தொடர்புடையவர்களின் பெயர்களையும் தவிர்த்திருக்கிறோம். தலா 15 மீட்டர் நீளமுள்ள 16 கண்கள் (இரு தாங்குதூண்களுக்கு இடைப்பட்ட பகுதி ஒரு கண்), மொத்தம் 240 மீட்டர். வண்டி ஓடும் அகலம் 7.5 மீட்டர். இருபுறமும் 450 மில்லிமீட்டர் அகலமும் 225 மில்லிமீட்டர் உயரமும் கொண்ட கெர்ப் எனும் ஓர மேடு, அதன்மேல் கான்கிரீட் தூண்களும் குறுக்குக் கட்டைகளுமாகக் கைப்பிடிச் சுவர். தளத்தைத் தாங்குபவை 2.5 மீட்டர் இடைவெளியில் அமைந்த மூன்று கர்டர்கள், அதாவது நீளவாட்டு உத்திரங்கள். வெளிக் கர்டரின் நடுக்கோட்டுக்கு அப்பால் தளம் 1.7 மீட்டர் நீண்டு நிற்கிறது. பின்னால் எடுத்த முடிவுகளில் பெரும்பாலானவை இந்த 1.7 மீட்டரை வைத்தே எடுக்கப்பட்டன.

இத்தகைய பழைய கைப்பிடிச் சுவர் லாரியைத் தடுக்கும் என்று பலர் நம்புகிறார்கள். அந்த வேலைக்கு அது கட்டப்படவே இல்லை. இந்தியச் சாலைகள் காங்கிரஸ் (ஐஆர்சி) பாலச் சுமைகளுக்கு வகுத்த ஐஆர்சி 6 விதிப்படி கைப்பிடியின் உச்சியில் மீட்டருக்கு 1.5 கிலோ நியூட்டன் பக்கவாட்டு விசையைத் தாங்கினால் போதும். அதாவது மீட்டருக்கு ஏறக்குறைய 150 கிலோ. மனிதர்கள் சாய்ந்து நிற்க அது போதும். மோதலைத் தாங்கும் தடுப்புகளுக்குத் தனி வகைப்பாடு உண்டு. சாதாரணப் பாலங்களுக்கான பி-2 வகை, 1,500 கிலோ எடையுள்ள வாகனம் 80 கி.மீ. வேகத்தில் 20 டிகிரிக் கோணத்தில் மோதுவதைத் தாங்க வேண்டும். ரயில் பாதைக்கு மேலே செல்வது போன்ற ஆபத்தான இடங்களுக்கான பி-3 வகைக்கு 30 டன் வாகனமும் 60 கி.மீ. வேகமும் கணக்கு. இரண்டு அச்சு லாரிக்கு 2018-க்குப் பின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 18.5 டன். பழைய கைப்பிடிச் சுவர் இந்தக் கணக்குகள் எதிலும் வராது.

நள்ளிரவு தாண்டி ஏறக்குறைய ஒன்றே முக்கால் மணிக்கு, நெல் மூட்டை ஏற்றிவந்த லாரி நான்காவது கண்ணில் இடதுபுறக் கைப்பிடியை உடைத்துக்கொண்டு நின்றது. முன் இடது சக்கரம் அந்தரத்தில் தொங்கியது. ஓட்டுநரும் கிளீனரும் சிறு காயங்களுடன் வெளியேறினர். 14 மீட்டர் நீளத்துக்குக் கைப்பிடி போய்விட்டது. கீழே ஆற்றில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

முதலில் நடந்தது

முதலில் வந்தது காவல்துறை. ஒரு பக்கத்தில் மரக்கிளையும் கற்களும், மறுபக்கத்தில் சக்கரம் வைத்த இரண்டு இரும்புத் தடுப்புகளும் வைத்து வாகனங்களை நிறுத்தினர். அந்த நேரத்துக்கு அதுவே சரி. ஆனால் மழையில், விளக்கில்லாத இடத்தில், சாலையில் கிடக்கும் கல்லே அடுத்த விபத்துக்குக் காரணமாகும். உதவிப் பொறியாளர் வந்ததும் முதலில் அகற்றச் சொன்னது அந்தக் கற்களைத்தான்.

அவர் அடுத்துக் கேட்டது மின்சாரத்தைப் பற்றி. தெருவிளக்குக் கம்பி கைப்பிடியோடு சேர்ந்த குழாய்க்குள் ஓடியது. கைப்பிடி போனபோது அதுவும் அறுந்து, ஈரக் கெர்ப்பின்மேல் கிடந்தது. மின்வாரியத்தை அழைத்து அந்த இணைப்பைத் துண்டித்து, துண்டித்த ஆள் நேரில் உறுதி சொல்லும்வரை பாலத்தின்மேல் யாரையும் விடவில்லை. ஏறத்தாழ நாற்பது நிமிடம் போனது. காத்திருந்த ஓட்டுநர்கள் சத்தம் போட்டார்கள். அந்த உறுதி வரும்முன் ஆளை விட்டு இந்தக் காத்திருப்பைக் குறைக்கக் கூடாது. கெர்ப்பின் வெளிப்பக்கம் தாங்கிகளில் தொங்கிய குடிநீர்க் குழாயில் கசிவு இருந்தது. அதை அப்போது தொடவில்லை.

லாரியை மீட்டல்

முன்பக்கம் தொங்கும் லாரியில் பின்பக்க மூட்டைகளை முதலில் இறக்கினால் பின் எடை குறைந்து வண்டி முன்னால் கவிழும். கூடியிருந்தவர்கள் செய்யப் புறப்பட்டது அதைத்தான். அவர்களை நிறுத்திவிட்டு, பின் அச்சை எஃகுக் கயிற்றால் ஒரு பாரமேற்றிய டிப்பரோடு பிணைத்தார்கள். டிப்பரைச் சேதமடைந்த கண்ணில் நிறுத்தாமல், பின்னாலுள்ள மூன்றாவது கண்ணில் பாலத்தின் நடுக்கோட்டில் நிறுத்தினார்கள். பிறகு முன்பக்கத்திலிருந்து தொடங்கி மூட்டைகளை இறக்கினார்கள். எடை குறைந்தபின் ஹைட்ரா கிரேன் (சுமையைத் தூக்கியபடியே நகரும் கிரேன்) முன்பக்கத்தைத் தூக்க, டிப்பர் மெதுவாகப் பின்னிழுத்தது. கிரேனை விளிம்புக்குக் கொண்டுபோகவில்லை. அதன் சக்கரங்கள் நடுக் கர்டரை ஒட்டியே நின்றன.

இரவுத் தடுப்பு

லாரி போனபின் எஞ்சியது 14 மீட்டர் திறந்த விளிம்பு. விடியும்வரை பாலத்தை முழுவதும் மூடுவது என்று முடிவானது. காரணம் எளியது: தளத்தின் அடிப்பகுதியை இருட்டில் பார்க்க வழியில்லை. பார்க்காத கான்கிரீட்டின்மேல் பேருந்தை விட எந்தப் பொறியாளரும் கையெழுத்துப் போடக் கூடாது. ஆம்புலன்ஸ் மட்டும் வலது ஓரமாக, ஆள் நடந்து வழிகாட்ட அனுமதிக்கப்பட்டது.

கிடங்கிலிருந்து வந்தவை: பழைய தார் டிரம்கள், பிளாஸ்டிக் டிரம்கள், கூம்புகள், சிவப்பு-வெள்ளை ரிப்பன், சவுக்குக் கம்பு, பருவமழைக்கென்று முன்பே நிரப்பி அடுக்கியிருந்த மணல் மூட்டைகள். விளிம்பிலிருந்து 2 மீட்டர் உள்ளே மூட்டைகளை இரண்டு அடுக்காக வைத்து, அதன்மேல் சவுக்குக் கம்பு கட்டி ரிப்பன் சுற்றினார்கள். பாலத்தின் இரு முனைகளிலும் மணல் நிரப்பிய தார் டிரம்கள். 200 லிட்டர் டிரம்மில் மணல் நிறைத்தால் 300 கிலோவுக்குக் குறையாது.

ரிப்பனும் கூம்பும் எச்சரிக்க மட்டுமே செய்யும், எதையும் நிறுத்தாது. 2024 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தின் பரேலி அருகே, வெள்ளத்தில் ஒரு பகுதி அடித்துச் செல்லப்பட்ட பாலத்திலிருந்து ராமகங்கா ஆற்றில் கார் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். பாலத்தை மூடியாயிற்று என்று கோப்பில் எழுதுவது வேறு, வாகனம் அங்கே போக முடியாதபடி செய்வது வேறு. அதனால்தான் இந்தப் பாலத்தின் முனைகளில் கூம்புகளை வைத்துவிட்டுப் போகாமல் பாரமான டிரம்களை அடுக்கி, ஆளையும் நிறுத்தினார்கள்.

விடிந்த பின் தெரிந்தவை

ஆறேகால் மணிக்குக் கரையிலிருந்து பைனாகுலர் வழியாகவும், மேலிருந்து சுத்தியலால் தட்டியும் ஆய்வு. தட்டும்போது நல்ல கான்கிரீட் கணீரென்று ஒலிக்கும். உள்ளே பிளந்திருந்தால் ஒலி மொத்தென்று விழும். ஏழு தூண்கள் உடைந்திருந்தன. அவற்றில் இரண்டு வெறுமனே உடையவில்லை, கெர்ப்பையும் தள விளிம்பையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு போயிருந்தன. அங்கே 2.2 மீட்டர் நீளத்துக்கு, விளிம்பிலிருந்து 300 மில்லிமீட்டர் வரை கான்கிரீட் உதிர்ந்து கம்பி தெரிந்தது. மொத்தென்ற ஒலி மேலும் சற்று உள்ளே வரை கேட்டது. வெளிக் கர்டரில் கண்ணுக்குத் தெரிந்த விரிசல் இல்லை.

முடிவு: நீண்டு நிற்கும் அந்த 1.7 மீட்டர் தளத்தின்மேல் எந்தச் சக்கரமும் ஏறக் கூடாது. கார், வேன், பேருந்துக்கு ஒற்றைவழி. கனரகச் சரக்கு வாகனங்களுக்கு, அடிப்பகுதியை நெருங்கிப் பார்க்கும் ஆய்வு வண்டி வரும்வரை தடை, 28 கி.மீ. மாற்றுப்பாதை.

எந்தத் தடுப்பு, எங்கே

நான்கு வழிகள் பேசப்பட்டன. தண்ணீர் நிரப்பும் பிளாஸ்டிக் தடுப்பு விரைவில் வரும், ஆளே தூக்கி வைக்கலாம். ஆனால் ஒன்று கசிந்தால் அந்த இடம் வெற்றுக் கூடு, அது கசிந்திருப்பது வெளியிலிருந்து தெரியாது. எஃகுத் தகட்டுத் தடுப்புக்குத் தூண் ஊன்ற வேண்டும். தளத்தில் துளையிட்டால் கம்பி வெட்டுப்படலாம், அதுவும் எந்த அளவுக்குச் சேதமான தளம் என்று தெரியாத நிலையில். மணல் மூட்டை நீடிக்காது. எஞ்சியது முன்வார்ப்புக் கான்கிரீட் தடுப்பு, நியூஜெர்சி வடிவம் என்று சொல்வோமே அது. அடியில் 600 மில்லிமீட்டர் அகலம், 800-க்குச் சற்று மேல் உயரம், மீட்டருக்கு ஏறத்தாழ 600 கிலோ. அருகிலுள்ள நான்குவழிச்சாலைப் பணித்தளத்தில் 3 மீட்டர் துண்டுகள் கிடைத்தன. ஒன்று 1.8 டன்.

கான்கிரீட் கொண்டுவந்தால் வேலை முடிந்தது என்ற எண்ணம் பரவலாக உள்ளது. இதை மாற்றிக்கொள்ள வேண்டும். தரையில் பிணைக்காமல் வெறுமனே வைத்த தடுப்பை வாகனம் மோதினால் அது நகரும். நகர்ந்துதான் மோதலை வாங்கிக்கொள்ளும். 100 கி.மீ. வேகத்தில் பிக்கப் வண்டியை மோதவிட்ட சோதனைகளில் 2 மீட்டர் வரை நகர்ந்திருக்கிறது. பாலத்தின் விளிம்பில் ஒட்டி வைத்தால், மோதிய வண்டியோடு தடுப்பும் ஆற்றில் விழும். அதற்கு மேல், 1.8 டன் எடையைச் சேதமான விளிம்பில் நாமே ஏற்றிவைத்தவர்களாவோம். ஆகவே தடுப்பின் எடையைவிட, அதற்குப் பின்னால் எவ்வளவு இடம் இருக்கிறது என்பதும், முன்னால் வாகனம் எவ்வளவு மெதுவாக வருகிறது என்பதும் முக்கியம்.

கெர்ப் முகத்திலிருந்து 1.2 மீட்டர் தள்ளித் தடுப்பின் பின்பக்கம் வரும்படி கோடு போட்டார்கள். பாலத்தின் நடுக்கோட்டிலிருந்து கணக்கிட்டால் தடுப்பு 1.95 மீட்டரிலிருந்து 2.55 மீட்டர் வரை உட்காரும். வெளிக் கர்டரின் நடுக்கோடு 2.5 மீட்டரில் இருக்கிறது. ஆக எடை கர்டரின்மேலும் அதை ஒட்டிய உள்தளத்திலும் இறங்குகிறது, நீண்டு நிற்கும் தளத்தில் இல்லை. கர்டர் எங்கே இருக்கிறது என்பதை மேலிருந்து பார்த்தால் தெரியாது. பாலத்தின் முனையில் கீழே இறங்கி, கர்டரின் இடத்தை நாடாவால் அளந்து, மேலே தளத்தில் சாக்பீஸால் குறித்து, நூல் பிடித்தார்கள்.

எஞ்சிய அகலம் 5.7 மீட்டர். இரு வாகனம் எதிரெதிரே போகலாம் போலத் தோன்றும். இரண்டு பேருந்துகள் போனால் ஒன்று தடுப்பை உரசும். எனவே வலது கெர்ப்பை ஒட்டி 1.2 மீட்டர் நடைவழி, 3.75 மீட்டர் ஓடுவழி, தடுப்புக்கும் ஓடுவழிக்கும் நடுவே 0.75 மீட்டர் வெற்றிடம் என்று பிரித்தார்கள்.

நிறுவிய முறை

உடைந்தது 14 மீட்டர். இரு பக்கமும் 11 மீட்டர் கூடுதலாக, மொத்தம் 36 மீட்டருக்கு 12 துண்டுகள். கூடுதல் நீளம் எதற்கென்றால், வாகனம் சாய்கோணத்தில் வருகிறது. உடைந்த இடத்துக்கு நேராக மட்டும் தடுப்பு வைத்தால், அதற்கு முன்பே விலகிய வண்டி தடுப்பின் பின்னால் புகுந்து நேராக இடைவெளிக்குப் போய்விடும்.

துண்டுகள் ஏற்றிய லாரிகள் பாலத்தில் ஏறவில்லை. கரையிலேயே நின்றன. 14 டன் ஹைட்ரா ஒவ்வொன்றாகத் தூக்கி, நடுக்கோட்டில் ஊர்ந்து வந்து வைத்தது. இரு முனையிலும் வழிகாட்டும் கயிறு பிடித்து இரண்டு ஆட்கள், விளிம்புப் பக்கம் யாரும் இல்லை. துண்டு தரையைத் தொட ஒரு சாண் இருக்கும்போது கடப்பாரையால் நூலுக்குச் சரிசெய்தார்கள். கையை இடையில் விடக் கூடாது என்பதை ஒவ்வொரு துண்டுக்கும் மேஸ்திரி உரக்கச் சொன்னார். கண் ஒன்று 15 மீட்டர், துண்டு 3 மீட்டர் என்பதால் ஐந்து துண்டுக்கு ஒருமுறை இணைப்பு, எக்ஸ்பான்ஷன் ஜாயிண்டுக்கு (தளம் வெப்பத்தில் விரியக் கண்களுக்கிடையே விட்ட இடைவெளிக்கு) மேலே சரியாக வந்தது. இது தற்செயலான வசதி.

சிக்கல் இணைப்பில் வந்தது. பணித்தளத்தில் இரு வேறு அச்சுகளில் வார்த்த துண்டுகள் கலந்திருந்தன. எட்டில் முனை வளையங்கள் ஒன்றோடொன்று பொருந்தி, எஃகு முளை இறங்கியது. நான்கில் வளையத்தின் உயரம் வேறு. பொருந்திய எட்டையும் இடைவெளிக்கு நேராகத் தொடர்ச்சியாக வைத்து, பொருந்தாதவற்றை முனைக்கு இரண்டாகப் பிரித்து, எஃகுக் கயிறும் கிளாம்பும் கொண்டு கட்டினார்கள். இணைக்காத துண்டுகள் வரிசையாக வைத்த தனித்தனிப் பாறைகள்தான். மோதிய துண்டு மட்டும் விலகி வழிவிடும்.

வாகனம் எதிர்கொள்ளும் முனை மழுங்கிய கான்கிரீட்டாக நிற்பது மற்றோர் ஆபத்து. அதற்கு முன்னால் பிளாஸ்டிக் டிரம்கள் மூன்று வரிசை: முதல் வரிசையில் டிரம்முக்கு 100 கிலோ மணல், அடுத்ததில் 200, கடைசியில் 300. மோதும் வண்டி படிப்படியாக வேகம் இழக்க வேண்டும். தார் டிரம்மை இங்கே வைக்கவில்லை, அந்த இரும்பே வண்டியைக் கிழிக்கும்.

ஒற்றைவழிப் போக்குவரத்து

பாலத்தின்மேல் எந்த வாகனமும் காத்து நிற்கக் கூடாது என்பதால் நிறுத்தக் கோடுகள் இரு கரைகளிலும் வந்தன. இடைத்தூரம் 300 மீட்டர். 20 கி.மீ. வேகத்தில் 54 வினாடி. ஆனால் சைக்கிள்காரருக்கு ஒன்றரை நிமிடம் வேண்டும். நேரக் கணக்கை அவரை வைத்தே போட்டார்கள். ஒரு கரையிலிருந்து மறுகரை தெரியாததால் வாக்கி-டாக்கி. அது மழையில் நின்றுபோனால், கடைசி வண்டியிடம் சிவப்புக் கொடி கொடுத்தனுப்பி, கொடி கையில் வந்தபின்தான் எதிர்ப்பக்கம் திறப்பது. இந்தப் பழைய முறை ஒருமுறையும் தவறவில்லை.

காவல்துறையின் இரும்புத் தடுப்புகளை அணுகுசாலையில் மாறிமாறி வைத்து, வண்டி வளைந்து வரும்படி செய்தார்கள். வேகம் 50-லிருந்து 20 ஆனால் மோதல் ஆற்றல் ஆறில் ஒரு பங்குக்கும் கீழே போகிறது. பணியிடப் போக்குவரத்துக்கான ஐஆர்சி எஸ்பி 55 கையேடு சொல்லும் எச்சரிக்கைப் பலகை, ஓரங்கட்டும் பகுதி, பணிப் பகுதி, முடிவுப் பகுதி என்ற வரிசைப்படி பலகைகள் நின்றன. கூம்புகள் ஓரங்கட்டும் பகுதியில் 30 மீட்டருக்கு 3 மீட்டர் இடைவெளியில். பிற்பகல் பாலம் திறந்தது.

பின்னர் நடந்தவை

முதலில் தவறியது நடைவழி. பள்ளிப் பிள்ளைகளும் தலைச்சுமைக்காரர்களும் குறித்துக்கொடுத்த வலப்பக்கத்தை விட்டு, தடுப்புக்குப் பின்னால், திறந்த விளிம்பை ஒட்டி நடந்தார்கள். அவர்களைக் குறைசொல்ல முடியாது. பாலத்தில் வண்டியே வராத இடம் அது ஒன்றுதான். அன்று மாலையே அந்தச் சந்தின் இரு வாயையும் சவுக்குக் கம்பும் வலையும் கொண்டு அடைத்தார்கள். வலப்பக்க நடைவழிக்குக் கூம்புக்குப் பதில் டிரம்கள் வைத்து, கயிறு கட்டியபின் மக்கள் அங்கே மாறினார்கள்.

இரண்டாம் நாள் இரவு மழையில் ஓடுவழியில் தண்ணீர் தேங்கியது. தளம் கெர்ப்பை நோக்கிச் சாய்ந்திருக்கிறது, வடிகால் குழாய்கள் கெர்ப்பின் அருகில், நடுவே 36 மீட்டர் தடுப்பு. துண்டுகளின் அடியில் தண்ணீர் போகத் துவாரம் இருந்தது. அதை அடைத்தது முதல் இரவு வைத்த மூட்டைகளின் மணல். முந்தைய பருவத்தில் நிரப்பி, வெயிலில் கிடந்து இற்றுப்போன சாக்குகள் அவை. அகற்றும்போதே கையில் கிழிந்து மணல் கொட்டியது. கூட்டி அள்ளாமல் விட்ட மணல் துவாரத்துக்கும் வடிகாலுக்கும் போய்ச் சேர்ந்தது. கம்பி விட்டுக் குத்தி, மண்வெட்டியால் வாரியபின் வடிந்தது.

மூன்றாம் நாள் இரவு ஒரு சரக்கு வேன் தடுப்பில் மோதியது. ஓட்டுநருக்கு அடி இல்லை. ஓர் இணைப்பில் தடுப்பு 180 மில்லிமீட்டர் பின்னால் நகர்ந்து நின்றது. பின்னால் இன்னும் 1 மீட்டருக்கு மேல் இடம் இருந்தது. முளை வளைந்திருந்ததால் மாற்றி, துண்டுகளை மீண்டும் நூலுக்குக் கொண்டுவந்தார்கள். மோதிய இடத்தில் ஒளிரும் பட்டை இல்லை. ஈரமும் தூசியும் படிந்த கான்கிரீட்டில் ஒட்டிய பட்டைகள் முந்தைய மழையிலேயே உரிந்துபோயிருந்தன. அதன்பின் அலுமினியத் தகட்டில் பட்டையை ஒட்டி, தகட்டைத் தடுப்பின் தலையில் கம்பியால் கட்டினார்கள். அவை கடைசிவரை நின்றன.

கனரக வாகனங்களைத் திருப்புவதும் தொடக்கத்தில் சரியாக நடக்கவில்லை. தடைப் பலகை பாலத்தின் முனையில் இருந்தது. அங்கே வந்துசேர்ந்த லாரி பின்னோக்கித் திரும்ப இடமில்லாமல் முழு வரிசையையும் அடைத்தது. பலகையையும் காவலரையும் 4 கி.மீ. முன்னாலுள்ள சந்திப்புக்கு மாற்றியதும் அந்த நெரிசல் தீர்ந்தது.

ஆய்வு வண்டி வந்து அடிப்பகுதியைத் தொட்டுப் பார்த்தபின், சேதம் நீண்டு நிற்கும் தளத்தின் வெளிப்பாதியோடு நிற்கிறது, கர்டர் நலம் என்று உறுதியானது. கனரக வாகனங்கள் ஒவ்வொன்றாக அனுமதிக்கப்பட்டன. உதிர்ந்த கான்கிரீட்டை வெட்டியெடுத்து, புதுக் கம்பி பிணைத்து, கெர்ப்பையும் தூண்களையும் பழைய வடிவிலேயே வார்த்தார்கள். அந்த இடத்தில் பி-2 வகை மோதல் தடுப்பு ஏன் கட்டவில்லை என்ற கேள்வி எழுந்தது. கட்டினால், மோதும்போது அது தன் காலடியிலுள்ள தளத்துக்குக் கடத்தும் வளைவிசையைப் பழைய மெல்லிய தளம் தாங்காது. தடுப்பு நிற்கும், தளம் பிளக்கும். முழு விளிம்பையும் வலுப்படுத்தும் மதிப்பீடு தனியாக அனுப்பப்பட்டது. கான்கிரீட் இறுகும்வரை தற்காலிகத் தடுப்பு அதே கோட்டிலேயே இருந்தது.

மாற்ற வேண்டியவை

ஒவ்வொரு பழைய பாலத்துக்கும் ஒரு பக்கக் குறிப்பு, கோட்டக் கிடங்கிலேயே இருக்க வேண்டும்: கர்டர்களின் நடுக்கோடு எங்கே, தளம் எவ்வளவு நீண்டிருக்கிறது, வடிகால் குழாய்கள், விளக்குக் கம்பி, குடிநீர்க் குழாய், எந்த மின்மாற்றியிலிருந்து இணைப்பு. இந்நிகழ்வில் கர்டரை அளக்கப் போன நேரமும், மின் இணைப்பைத் தேடிய நேரமும் இதில் மிச்சமாகும்.

ஒரே அச்சில் வார்த்த 12 துண்டுகளும் அவற்றுக்கான முளைகளும் மாவட்டத்துக்கு ஒரு தொகுதியாகத் தனியே அடுக்கப்பட வேண்டும். பணித்தளத்திலிருந்து கேட்டு வாங்கும்போது, வண்டியில் ஏற்றும் முன்பே இரண்டு துண்டுகளை முனை சேர்த்து முளை இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

மணல் மூட்டையை முந்தைய ஆண்டிலிருந்து எடுத்து வைக்கக் கூடாது. முக்கால் பங்குக்கு மேல் நிரப்பாமல் புதுச் சாக்கில் கட்ட வேண்டும், எடுக்கும்போது அடியில் தார்ப்பாய் விரிக்க வேண்டும்.

நடைவழியை வாகனவழிக்கு முன் திறக்க வேண்டும். தடுப்புக்குப் பின்னுள்ள சந்து வழியை, கடைசித் துண்டு இறங்கும் அன்றே, கிரேன் போகுமுன் அடைக்க வேண்டும். இரவுப் பணியாளர் மணிக்கொருமுறை பார்க்க வேண்டியவை: தடுப்பு நூலை விட்டு விலகியிருக்கிறதா, முளைகள் உள்ளனவா, துவாரங்கள் திறந்துள்ளனவா, மின்கல விளக்குகள் எரிகின்றனவா. இந்த நான்குக்கும் நேரத்தோடு குறிப்பேட்டில் கையெழுத்து. வேன் மோதியது எந்த மணிக்கு என்று சரியாகச் சொல்ல முடியாமல் போனது அந்தக் குறிப்பேடு அப்போது இல்லாததால்தான். அது மறுநாளே தொடங்கப்பட்டது.